தாய்மாமன் இருக்கிற ஊர்

வெளிநாட்டுக்குப் போகிறேன் என்று கிள்ளானில் சொன்னபோது, ஆஸ்திரேலியாவா லண்டனா என்று கேட்டார்கள். மதுரை என்றதும், "ஓ, சேலை எடுக்கவா?" என்றார்கள். எங்கள் மலேசியத் தமிழர்களுக்கு இந்தியா என்றால் கோயிலும் துணிக்கடையும்தான். பத்து நாளில் எல்லாவற்றையும் பார்த்து, பெட்டி கனத்து, வயிறு கெட்டுத் திரும்பி வந்துவிடுவோம். அங்கே போய்க் குடியிருக்க முடியுமா என்று பார்க்கப் போகிறவளை யாரும் கேள்விப்பட்டதில்லை. எதற்கு வம்பு என்று நானும் சேலை எடுக்கத்தான் என்று சொல்லிவிட்டேன்.

உண்மை வேறு. என் கணவர் முத்துக்குமார் மதுரை அவனியாபுரத்துக்காரர். மெக்கானிக் வேலைக்குக் கிள்ளானுக்கு வந்து, என்னைக் கட்டிக்கொண்டு, பன்னிரண்டு வருஷமாக அங்கேயே இருக்கிறார். அவருடைய அக்கா கணவர் அவனியாபுரத்தில் பட்டறை வைத்திருக்கிறார். பக்கத்துக் கடை காலியாகிறது, அதையும் எடுத்து இரண்டு பேருமாகச் சேர்ந்து நடத்தலாம் என்று கூப்பிட்டிருந்தார். கணவர் என்னை ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. "ஒரு மாசம் வந்து இருந்து பாரு சுமதி. நீ வேணாம்னா வேணாம்" என்றார். முடிவை இப்படி என் தலையில் கட்டியது பெருந்தன்மையா தந்திரமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மற்றபடி எல்லாம் தோதாகத்தான் இருந்தது. நான் தொலைக்காட்சி நாடகங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுகிறவள். கணினியும் இணையமும் இருந்தால் எந்த ஊரிலும் உட்கார்ந்து எழுதலாம். மகள் தர்ஷினிக்குப் பத்து வயது, பள்ளி விடுமுறை. தோதில்லாதது ஒன்றுதான். என் தம்பி சுரேஷ். அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது அவன் ஒருவன். துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறான். கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவான். ஆனால் இரவுச் சாப்பாட்டுக்குத் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். விமான நிலையத்தில் விட வந்தவன், பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "ஒரு மாசம்தானேக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்றேன்.

பொங்கல் முடிந்து நாங்கள் அவனியாபுரம் போனபோது, ஜல்லிக்கட்டுக்குக் கட்டிய கம்புகளை அவிழ்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தெருவெல்லாம் தென்னைநார். "ஒரு நாலு நாளைக்கு முன்னாடி வந்திருக்கக் கூடாதா மாப்ள?" என்று பட்டறை வாசலிலேயே கணவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார் தங்கப்பாண்டி. இவர்தான் அந்த அக்கா கணவர். அக்காவின் பெயர் பாண்டிச்செல்வி. கிள்ளானில் நாங்கள் அண்ணி என்போம், இங்கே மதினி. மதினி என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. என் முகவாயைப் பிடித்து இடமும் வலமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "போன்ல பாத்ததுக்கு நேர்ல நல்லாத்தான் இருக்க" என்றார்.

அவர்களுக்குக் கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த ஒரே மகள் கயல். ஏழு வயது, வாயாடி. அவளுக்கென்று கிள்ளானில் தேடிப்பிடித்து ஒரு ஜோடித் தங்கத் தோடு வாங்கி வந்திருந்தேன், சின்ன மீன் வடிவத்தில். டப்பியைத் திறந்து காட்டினேன். அதுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பிள்ளை இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

அவளுக்குக் காது குத்தியிருக்கவில்லை. வீடியோவில் பேசும்போதெல்லாம் முடி மறைத்திருந்ததால் நான் கவனித்ததே இல்லை.

"மாமன் மடியில உக்கார வச்சுத்தான குத்தணும்?" என்றார் மதினி, இதென்ன கேள்வி என்பது போல. "இவங்க மாமன் அங்க இருந்தா இங்க யாரு மடியில உக்கார வைக்கிறது? பெரியப்பா மகன் ஒருத்தன் இருக்கான், அவன் மடியில உக்கார வச்சுருனு ஆளாளுக்குச் சொன்னாங்க. கூடப் பொறந்தவன் உசுரோட இருக்கையில நான் எதுக்கு வாடகைக்கு மடி தேடணும்? வர்றப்ப வரட்டும்னு விட்டுட்டேன்."

கயலுக்கு ஒரு வயதாகுமுன் கணவர் ஒரே ஒருமுறைதான் வந்துபோனார், தன் அப்பாவின் சாவுக்கு. சாவு விழுந்த வருஷம் வீட்டில் நல்ல காரியம் செய்யமாட்டார்கள். பிறகு கொரோனா. பிறகு வேலை உரிமம், முதலாளி மாற்றம் என்று ஏதோ ஒன்று. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கயலை 'மூளிக்காது' என்று கூப்பிடுகிறார்களாம். இதெல்லாம் என் கணவருக்குத் தெரியும். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா உன்னை நெருக்குற மாதிரி இருக்கும்ல" என்றார். அவர்மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

நான் அவனியாபுரத்தில் தங்கவில்லை. குடித்தனம் நடத்திப் பார்ப்பது என்றால் தனிக் கதவு வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லி, தல்லாகுளத்தில் ஒரு மாடி வீட்டை மாத வாடகைக்குப் பிடித்திருந்தோம். கோர்ட்டுக்குப் போகும் வக்கீல்களின் ஸ்கூட்டர்கள் காலையில் தெருவை நிறைத்துவிடும். நல்ல தெரு, நல்ல இணையம். கீழே வீட்டுக்கார அம்மா, ஓய்வுபெற்ற டீச்சர். எல்லாரிடமும் நான் தெளிவாகச் சொல்லியிருந்தேன். இது வெள்ளோட்டம்தான், பால் காய்ச்சுவது, சாமி படம் மாட்டுவது எதுவும் கிடையாது.

மறுநாள் காலை ஆறரைக்கு எனக்கு அலுவலகக் கூட்டம். மலேசியாவில் அப்போது ஒன்பது மணி. காப்பிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, கணினி முன்னால் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். பேச்சு சுவாரசியத்தில் பாலை மறந்துவிட்டேன். அதே நேரம் பார்த்து மதினி முதல் பஸ்ஸைப் பிடித்து, இட்லித் தூக்கோடு மாடி ஏறி வந்திருக்கிறார். அவர் வாசலில் கால் வைக்கவும் பால் பொங்கி வழியவும் சரியாக இருந்தது. தூக்கைக் கீழே வைத்தார். ஒரு குலவை விட்டார் பாருங்கள், தல்லாகுளமே எழுந்துவிட்டது. எங்கள் மேலதிகாரி கோலாலம்பூரிலிருந்து, "பக்கத்தில் ஆம்புலன்ஸா சுமதி?" என்று மலாயில் கவலையாகக் கேட்டார்.

"மதினி, இது காய்ச்சின பால் இல்ல, நான் கவனிக்காம பொங்கின பால்" என்றேன்.

"பாலுக்கு அதெல்லாம் தெரியுமா?" என்றார் மதினி. மீதிப் பாலில் சீனி போட்டு, தண்ணீர் கலந்து, கீழ் வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் டம்ளர் டம்ளராகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். மத்தியானத்துக்குள் தெருவே என்னிடம், "குடி வந்துட்டீங்களாம்ல, சந்தோசம்" என்றது. கேபிள்காரர் வந்து கனெக்‌ஷன் வேண்டுமா என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்பு என்ற பெயரில் ஆளை வளைத்துப் போடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். கணவரிடம் சொன்னபோது அவர் சிரிப்பை அடக்கச் சிரமப்பட்டது வேறு தெரிந்தது.

கோபத்தைத் தணித்தது பருத்திப்பால். தெருமுனையில் தள்ளுவண்டியில், சுடச்சுட, கருப்பட்டி போட்டு, சுக்கு வாசனையோடு கொடுக்கிறார்கள். கிள்ளானில் என்ன வேண்டுமானாலும் கிடைக்கும், இது கிடைக்காது. பரோட்டா விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. எங்கள் ரொட்டி சானாய் காற்றில் வீசி வளர்ந்தது, பருப்புக் குழம்புக்கு அதுதான் சரி. மதுரை பரோட்டா தட்டையாக அடிவாங்கி, சால்னாவில் ஊறிக் கிடக்கிறது. இதைச் சொன்னதும் தங்கப்பாண்டி அண்ணன், "நீங்க இன்னும் சரியான கடைக்குப் போகல தங்கச்சி" என்று என்னை ஒவ்வொரு கடையாகக் கூட்டிப்போகத் தொடங்கினார். ஒவ்வொரு கடையிலும் தோற்றது போல் முகத்தை வைத்துக்கொண்டு நான் இரண்டு சாப்பிட்டேன்.

ஒருநாள் தனியாக அவனியாபுரம் போய்க் காட்டுகிறேன் என்று சவால் விட்டுக் கிளம்பினேன். பெரியார் பஸ் நிலையத்தில் பஸ் மாறவேண்டும். கூட்டத்தோடு கூட்டமாக ஏறி, கண்டக்டரிடம் காசை நீட்டினேன். பஸ்ஸே சிரித்தது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாதாம். காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எங்கம்மா எறங்கணும்?" என்றார் கண்டக்டர். அவனியாபுரம் என்றேன். "இது திருப்பரங்குன்றம் போற வண்டி. ஏறும்போதே கேக்க மாட்டீங்களா?" என்றார்.

பிறகு என் பிரச்சினை என்னுடையதாக இல்லை. அடுத்த நிறுத்தத்திலேயே இறக்கிவிட வேண்டும் என்று ஒரு கட்சி. இல்லை, தள்ளிப்போய் இறங்கினால் ஷேர் ஆட்டோ கிடைக்கும் என்று ஒரு கட்சி. "பாவம், திருப்பரங்குன்றத்துல சாமியக் கும்பிட்டுட்டே போகட்டுமே, முருகன்தானே ஏத்திவிட்டிருக்காரு" என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர். கடைசியில், மடியில் கீரைக்கட்டு வைத்திருந்த ஒரு பெண் தன் நிறுத்தம் இல்லாத இடத்தில் என்னோடு இறங்கி, ரோட்டைக் கடக்கவைத்து, ஒரு ஷேர் ஆட்டோவை மறித்து, "வெளிநாட்டுப் புள்ள, பத்திரமா எறக்கிவிடுண்ணே" என்று ஒப்படைத்துவிட்டுப் போனார். வெளிநாடு என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "ரோட்டக் கடக்க சிக்னலத் தேடுனீகள்ல" என்றார். எட்டுப் பேர் உட்கார்ந்திருந்த ஷேர் ஆட்டோவில் ஒன்பதாவதாக என்னைச் செருகினார்கள். கிள்ளான் ரயிலில் நான் பன்னிரண்டு வருஷம் போய்வந்திருக்கிறேன். வழி தவறிய யாரையும் நானோ மற்றவர்களோ இப்படிக் கையில் தூக்கிக் கொடுத்ததாக நினைவில்லை.

அன்று பட்டறையில் நான் கண்டதுதான் இந்தப் பயணத்தில் என்னை அதிகம் உலுக்கியது. தூரத்திலிருந்தே யாரோ ஒருவர் உரக்கப் பேசிச் சிரிப்பது கேட்டது. யாரோ ஆட்டோக்காரரை, "எண்ணெய் மாத்துனு சொன்னா வண்டிக்குத் திருநீறு பூசிட்டு வந்து நிக்கிற!" என்று கேலி செய்துகொண்டிருந்தது அந்தக் குரல். சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் என் கணவர்.

எனக்குத் தெரிந்த முத்துக்குமார் மெல்லப் பேசுகிறவர். கிள்ளானில் பட்டறையில் முதலாளி சொல்வதைக் கேட்டுக்கொள்வார், விருந்து வீட்டில் ஓரத்து நாற்காலியில் உட்கார்வார். என் உறவுக்காரர்கள் அவரை இன்னும் 'சுமதி வீட்டு ஊர்க்காரர்' என்றுதான் சொல்கிறார்கள், அங்கே ஊர் என்றால் இந்தியா. கெட்ட எண்ணத்தில் அல்ல, பழக்கத்தில். அமைதியான மனிதர் என்று நான் பெருமைப்பட்டதும் உண்டு. அவர் அமைதியானவர் இல்லை, அசலூரில் இருந்தார், அவ்வளவுதான். பட்டறைக்குள் போகாமல் கொஞ்ச நேரம் வெளியே நின்று அந்தக் குரலைக் கேட்டேன்.

அதற்காக உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. கிள்ளானில் இரவு எட்டு மணி ஆனால் சுரேஷ் போனில் வந்துவிடுவான். கடையில் வாங்கிய நாசி லெமாக் தேங்காய்ச்சோற்றுப் பொட்டலத்தைக் காட்டி, "உப்பே இல்லக்கா" என்பான். தர்ஷினி அவனிடம் மதுரை நாய்களையும் மாடுகளையும் பற்றிச் சொல்வாள். பேசி முடித்துப் போனை வைத்ததும், முடியாது, இவனை விட்டுவிட்டு வர முடியாது என்று எனக்குள் உறுதியாகும். காலையில் பருத்திப்பாலோடு அந்த உறுதி கரையும். இப்படியே நாட்கள் போயின.

காதுகுத்துக்கு நாள் குறித்தார்கள். தை மாதத்துக்குள், அழகர்கோவிலில், பதினெட்டாம்படிக் கருப்பு சந்நிதிக்கு எதிரே. தாய்மாமன் சீருக்குத் தட்டு வாங்க மதினி என்னைப் பழைய ஊர்ப் பக்கம் ஒரு பாத்திரக் கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் வயதான பாய். நான் மலேசியா என்றதும் நாற்காலி போடச் சொன்னார். அவருடைய மகன் கோலாலம்பூரில் துணிக்கடையில் இருக்கிறானாம். "'வர்றேன் அத்தா, வர்றேன் அத்தா'ங்குறான், வந்த பாடில்ல. அங்கருந்து நீங்க வந்துட்டீங்க. ஒரு ஆளு போயி ஒரு ஆளு வந்தா கணக்கு சரிதான்" என்று சிரித்தார். தட்டுகளைக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும்போது சிரிப்பு இல்லை. "போறப்ப அவனப் பாத்தா, அத்தா நல்லா இருக்காருனு சொல்லுங்கம்மா. மொழங்கால் வலியச் சொல்லாதீங்க." கோலாலம்பூரில் அவனை எங்கே தேடுவது என்று நானும் கேட்கவில்லை. சரிங்க பாய் என்றேன்.

காதுகுத்து நாளன்று விடிந்ததும் கிளம்பினோம். இங்கே 'குட்டி யானை' என்று ஒரு சின்ன சரக்கு வண்டி இருக்கிறது. அதன் பின்னால் ஜமுக்காளம் விரித்து, சீர்த்தட்டு, அரிசி மூட்டை, அண்டா, சொந்தக்காரர்கள், ஒரு கிடாய் எல்லாமாக ஏறிக்கொண்டோம். கணவர் பட்டு வேட்டி. ஓட்டியது தங்கப்பாண்டி அண்ணன். கடச்சனேந்தல் தாண்டி, இரண்டு பக்கமும் வயலும் தூரத்தில் அழகர்மலையும் தெரியத் தொடங்கியபோது வண்டி முனகி நின்றது. ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்துவிட்டது. நல்ல நேரம் முடிய அதிகம் இல்லை. மதினி மலையைப் பார்த்து, "கருப்பா, ஏழு வருசம் காக்க வச்சது பத்தலையா?" என்று சண்டைக்கே போய்விட்டார்.

வேறு வண்டி பிடிக்கலாம் என்றார்கள். என் கணவர் கேட்கவில்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தார். வெளியே வரும்போது வேட்டியில் கிரீஸ், கையில் ஒரு நீளமான கம்பி. அறுந்த கேபிளுக்குப் பதிலாக அந்தக் கம்பியை எஞ்சினில் மாட்டி, பின்பக்கம் கொண்டுவந்திருந்தார். முன்னால் அண்ணன் ஸ்டியரிங்கும் கியரும் பார்க்க வேண்டியது, பின்னால் இவர் உட்கார்ந்து கம்பியை இழுத்து வேகம் கொடுக்க வேண்டியது. "மச்சான், இழுக்குறேன், கியரப் போடுங்க!" "போட்டேன் மாப்ள!" "மாடு நிக்குது மாப்ள, விடு விடு!" "விட்டேன் மச்சான்!" என்று இரண்டு பேரும் கத்திக்கொண்டே வண்டியை ஓட்டினார்கள். எதிரே வந்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். தர்ஷினி சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாள். கிடாய் ஒன்றுதான் சிரிக்கவில்லை, அதன் நியாயம் அதற்கு.

நேரம் தப்பவில்லை. கோயில் வெளியில் மரத்தடியில் ஜமுக்காளம் விரித்து, கிரீஸ் வேட்டியோடு கணவர் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கயலை மடியில் வைத்தார்கள். ஏழு வயதுப் பிள்ளை என்பதால் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஆசாரி ஊசியை எடுத்ததும், "மாமா, வலிக்குமா?" என்றாள்.

"வலிச்சா மாமா கையக் கடிச்சுக்க" என்றார்.

கடித்தாள். இரண்டு காதுக்கும் இரண்டு கடி. அவர் முகம் கோணாமல் அவள் வாயில் கற்கண்டைப் போட்டார். மீன் தோடு இரண்டும் ஏறின. எல்லாரும் மதினியைத் திரும்பிப் பார்த்தார்கள், குலவை போட வேண்டியவர் அவர்தானே. தல்லாகுளத்தை எழுப்பியவருக்கு அன்று சத்தம் வரவில்லை. வாயைத் திறந்தார், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மற்றப் பெண்கள் குலவை போட்டார்கள். நானும் முயன்றேன். என்னால் முடிந்தது ஒரு விதமான இருமல்தான்.

பந்தி முடிந்து, மிளகும் சுக்கும் போட்ட, இரண்டு வாய்க்கே வயிறு நிறையும் கெட்டியான கோயில் தோசையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தபோது, மதினி தர்ஷினியின் காதைத் தொட்டுப் பார்த்தார். "ஒனக்கு யாரு மடியில வச்சுக் குத்துனாங்க தாயி?" என்றார்.

"சுரேஷ் மாமா. நான் அழுதேன், மாமா என்னைவிட அதிகமா அழுதாராம். எல்லாரும் மாமாவுக்குத்தான் முதல்ல தண்ணி கொடுத்தாங்களாம்" என்றாள் தர்ஷினி.

மதினி சிரித்தார். நான் கை கழுவப் போனபோது பின்னாலேயே செம்போடு வந்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டார். "ஒன் தம்பி இப்ப ராத்திரிக்கு எங்க சாப்புடுறாப்ல?"

"கடையில மதினி."

"கல்யாணம் முடிக்கலைல?"

"இல்ல."

செம்பைக் கீழே வைத்தார். "நீங்க போயிருங்க சுமதி" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நான்தான் கிறுக்குப் பிடிச்சவ மாதிரி, பாலப் பொங்க வச்சு, தெரு பூராம் சொல்லி, ஒன்னய மடக்கப் பாத்தேன். என் தம்பி எனக்கு வேணும்னு நெனச்சேனே தவிர, ஒனக்கும் ஒரு தம்பி இருக்காங்கறத நெனைக்கல. நாளைக்கு ஒன் மக சமைஞ்சா அந்தத் தம்பில்ல சீர் செய்யணும்? அவன் வாரானா வாரானானு நீ வாசலப் பாத்துக்கிட்டு நிப்ப. ஒருத்தி நின்னது போதும். அந்தக் கொடுமை ஒனக்கு வேணாம். முத்துகிட்ட நான் பேசிக்கிறேன். வருசத்துக்கு ஒருக்க வந்து மொகத்தக் காட்டிட்டுப் போங்க, அம்புட்டுப் போதும்."

சொல்லிவிட்டு, பாத்திரம் அடுக்கப் போய்விட்டார். நான் ஈரக் கையோடு நின்றேன். இந்த ஊரில் என்னைப் பிடித்து இழுத்த ஒரே கை அவருடையது, அதுவே விட்டுவிட்டது. இனி நான் நிம்மதியாகக் கிள்ளானுக்குப் போகலாம். ஆனால் மனசு நிம்மதிப்படவில்லை. ஏழு வருஷம் காத்திருந்த ஒருத்தி, கையில் கிடைத்ததை எனக்காகத் திருப்பிக் கொடுக்கிறாள். இப்படி ஒரு மனுஷி இருக்கிற ஊரை விட்டுப் போகத்தான் வேண்டுமா என்று முதல் தடவையாக எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

திரும்பும் வழியிலும் அதே கம்பிதான். கணவர் பின்னால் உட்கார்ந்து இழுத்துக்கொண்டு வந்தார். கயல் அவர் தொடையில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். யாரோ எதையோ சொல்ல, அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் பார்த்துக்கொண்டே வந்தேன். கல்யாணமானால் இரண்டு பேரில் ஒருவர் அசலூர்க்காரராக இருந்துதான் தீரவேண்டும். பன்னிரண்டு வருஷம் அவர் இருந்துவிட்டார், ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. இனி என் முறை. தம்பியை நினைத்தால் வலித்தது. வலித்துக்கொண்டேதான் முடிவு செய்தேன்.

தவழ்ந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "பட்டறைக்கு வாடகை பேசிடுங்க" என்றேன்.

"என்னது?" வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை.

"அந்தப் பக்கத்துக் கடை! வாடகை பேசுங்க! நாம வர்றோம்!"

கம்பியை விட்டுவிட்டார். வண்டி நடுரோட்டில் நின்றது. முன்னாலிருந்து அண்ணன், "மாப்ள, என்னாச்சு? இழு மாப்ள!" என்று கத்தினார். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான். அவர் இழுக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு, கிள்ளானில் பேசும் அதே மெல்லிய குரலில், "சுரேஷ்?" என்றார்.

"நான் பேசுறேன்" என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சுரேஷுக்கு லாரி இல்லை. நான் போன் போட உட்கார்ந்தபோது, மீந்த கறியைச் சுண்டவைத்து எடுத்துக்கொண்டு மதினி வந்துவிட்டார். விஷயம் அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது. "நான் போகத்தானடி சொன்னேன்?" என்று என்னைத் திட்டினார். திட்டிக்கொண்டே என் தலையைத் தடவினார். கிளம்பச் சொன்னாலும் கிளம்பாமல் என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். முதலில் கிள்ளானுக்குத் திரும்புவோம், தர்ஷினி இந்த வருஷப் படிப்பை அங்கேயே முடிப்பாள், பிறகு மதுரை. சுரேஷ் வீட்டில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப ராத்திரிச் சோறு?" என்றான். சிரிப்பாகச் சொல்லத்தான் பார்த்தான்.

"கல்யாணம் பண்ணிக்கடா" என்றேன்.

"மாமா அங்க சந்தோசமா இருக்காராக்கா?"

"சத்தமா இருக்காருடா."

பிறகு, "தர்ஷினி பெரிய பிள்ளை ஆனா சீர் நான்தானே கொண்டு வரணும்?" என்றான்.

"நீதான். வேற யாரு?"

"அந்த ஊர்ல எனக்கு யாரையும் தெரியாதேக்கா. தட்டு தூக்கக்கூட ஆள் இல்லாம நான் ஒத்தையா வந்து நின்னா, பிள்ளைக்குக் கேவலம் இல்லையா?"

ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மதினி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். இருவரும் அதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

"தம்பி, நான் முத்துவோட அக்கா பேசுறேன். தட்டுத் தூக்க இங்க தெருவே கெடக்கு, நீங்க கைய வீசிக்கிட்டு வாங்க. லீவு கெடைக்கல, பிளேன் லேட்டுனு எது வந்தாலும் பதறாதீங்க. நீங்க வந்து எறங்காம பந்தல்ல ஒருத்தரும் கை நனைக்க மாட்டோம். எம்புட்டு நாளானாலும் காத்திருப்போம். எனக்கு அது பழக்கந்தான் தம்பி."